பையில் கிடந்த 'பென் டிரைவ்': வாசகர் கேள்வி - பதில்

பள்ளிப் பிள்ளைகளும் போதைப் பழக்கமும் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

*கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகனின் பையில் பென் டிரைவ் மாதிரி ஒன்று கிடைத்தது. பழ வாசனை வீசுகிறது. "வெறும் ஃப்ளேவர் தண்ணிம்மா, ஒண்ணும் கிடையாது" என்கிறான். அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும். சொல்லாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?*

அது வேப், அதாவது மின் சிகரெட். உள்ளே சின்ன லித்தியம் பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சு, அவ்வளவுதான். வாயில் வைத்து இழுத்தால் சுருள் சூடாகித் திரவத்தைப் புகைபோல எழுப்பும். அந்தத் திரவம் தண்ணீர் இல்லை. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிக்கோட்டின். அதற்காக மகன் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொடுத்தவன் அவனிடமும் இதையேதான் சொல்லியிருப்பான். 'நிக்கோட்டின் இல்லை' என்று அச்சடித்து விற்றவற்றைச் சோதித்தபோது நிக்கோட்டின் இருந்ததும் உண்டு.

சிகரெட்டை முதல்முறை இழுப்பவனுக்குத் தொண்டை கமறும், இருமல் வரும். அந்தக் கமறலே பலரை அங்கேயே நிறுத்திவிடும். இப்போதைய வேப்களில் நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து உப்பாக்கிவிடுகிறார்கள். கமறல் போய்விடுகிறது, நிக்கோட்டின் மட்டும் தாராளமாக உள்ளே இறங்குகிறது. ஒரு மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் என்ற திரவம் 2 மில்லி லிட்டர் இருந்தால் அதில் 100 மில்லி கிராம் நிக்கோட்டின். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஏறக்குறைய 1 முதல் 2 மில்லி கிராம்தான். வேப்பில் இருப்பது முழுக்க ரத்தத்தில் சேராது என்றாலும் வித்தியாசம் உங்களுக்கே புரியும். ஐரோப்பிய ஒன்றியம் மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் கூடாதென்று வரம்பு வைத்திருப்பது சும்மா இல்லை. இன்னொன்று, சிகரெட் எரிந்து தீர்ந்தால் ஒரு முறை முடிந்தது. வேப்புக்கு அப்படி ஒரு முடிவே கிடையாது. பள்ளிக் கழிப்பறையில் இரண்டு இழுப்பு, ராத்திரி போர்வைக்குள் நாலு இழுப்பு என்று நாள் முழுக்க ஓடும்.

கோபம் இருக்கும் அன்றைக்கே பேசாதீர்கள். மறுநாள், எதிரெதிரே உட்கார வைக்காமல், நடந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ ஆரம்பியுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணைப் பார்க்காமல் பேசுவது சுலபம். "பையில அதைப் பார்த்தேன்டா. பயந்துபோயிட்டேன். அடிக்க மாட்டேன், கத்த மாட்டேன். உன் கைக்கு எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லு" என்ற அளவு போதும். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே போகாதீர்கள். பிறகு ஒன்று கேளுங்கள்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு? அரை மணி நேரத்துக்குள் என்றால் உடம்பு நிக்கோட்டினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. அப்போது மருத்துவரிடம் போங்கள். நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்றவற்றை இந்த வயதில் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எப்போதாவது ஒரு முறை என்ற நிலை என்றால் வீட்டிலேயே நிறுத்தலாம். தினமும் இழுத்தவன் நிறுத்தினால், முதல் நாளே எரிச்சல் தொடங்கும். 2, 3-ம் நாள் உச்சம். சிடுசிடுப்பு, தூக்கமின்மை, படிப்பில் மனம் நிற்காமை, அகோரப் பசி. 3, 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அந்த முதல் வாரத்தில் அவன் எதிர்த்துப் பேசுவதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு சண்டை போட்டால் எல்லாம் வீண். ஆகவே பரீட்சை வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஆசை எழும்போது அது சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்துக்கு என்ன செய்வதென்று அவனையே முடிவு செய்யச் சொல்லுங்கள்: குளிர்ந்த தண்ணீர், ஒரு நடை, ஒரு போன் அழைப்பு.

கணவரிடம் மறைத்துக் காலம் தள்ள முடியாது. ஆனால் வேப்பையும் அதிர்ச்சியையும் ஒரே நேரத்தில் அவர் கையில் கொடுக்காதீர்கள். மகன் வீட்டில் இல்லாதபோது, முதல் பேச்சு முடிந்த பிறகு சொல்லுங்கள். "அடிச்சா அடுத்த தடவை நம்ம கண்ணுல படாத இடத்துல ஒளிச்சு வைப்பான், அவ்வளவுதான்" என்பது கோபக்கார அப்பாக்களுக்கும் புரியும் வாதம். வேப்பைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். அந்தத் திரவம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் சிறு குழந்தைக்கு விஷம். மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

*கேள்வி: ஏழாம் வகுப்பில் இரண்டு மாணவர்கள் கைக்குட்டையில் ஒயிட்னர் ஊற்றி முகர்வதாகச் சக மாணவர்கள் சொல்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஒப்புக்கொள்வார்கள் என்கிறார் இன்னொரு ஆசிரியர். சரியா?*

தயவுசெய்து பிடிக்கப் போகாதீர்கள். இது உயிர் விஷயம். ஒயிட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், லைட்டர் வாயு போன்றவற்றின் ஆவி இதயத் தசையை, பயத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலினுக்கு மிதமிஞ்சித் துடிக்கும்படி ஆக்கிவிடும். அந்த நிலையில் ஒருவனைத் திடீரென அதட்டினாலோ துரத்தினாலோ பயத்தில் அட்ரினலின் பொங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் இது நடந்திருக்கிறது. முகர்ந்துகொண்டிருக்கும்போது பார்த்துவிட்டால் சத்தம் போடாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள், பொருளை மெதுவாக வாங்கிக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறங்கள் அல்லது காற்றோட்டமான இடத்துக்கு நடத்திக் கூட்டிப் போங்கள், ஓட விடாதீர்கள். தீக்குச்சி, அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம். விசாரணையெல்லாம் மறுநாள்.

போதை சில நிமிடமே இருப்பதால் திரும்பத் திரும்ப முகர்வார்கள். உதட்டைச் சுற்றிக் கொப்புளம் அல்லது சிவப்பு, சட்டைக் கையில் ரசாயன வாசனை, விரலில் வெள்ளைக் கறை, மதிய இடைவேளைக்குப் பின் தள்ளாட்டம், உளறல் ஆகியவற்றைக் கவனியுங்கள். இவற்றில் பலவற்றில் உள்ள டொலுவீன் என்ற கரைப்பான் நரம்புகளின் மேலுறையை அரிப்பதால், நாள்பட்டால் நடையும் கையெழுத்தும் ஞாபகமும் கெடும். 12, 13 வயதுக்காரர்கள் இதில் விழுவதற்குக் காரணம் சாதாரணமானது: காசு வேண்டாம், வாங்க யாரையும் தேட வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது. ஆகவே பள்ளியில் முதல் வேலை, கரைப்பான் கலந்த ஒயிட்னரை நிறுத்திவிட்டு நீர் கலந்ததையோ டேப் வகையையோ வைப்பது. அதை "இனி எல்லாருக்கும் டேப்தான்" என்று அறிவித்தால் போதும். எதற்கு என்று விளக்கினால் தெரியாத முப்பது பேருக்கும் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும். அந்த இருவரையும் தனித்தனியே, பெற்றோருடன், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

*கேள்வி: பள்ளியில் போதை விழிப்புணர்வு நாள் நடத்தப் போகிறோம். மீண்டு வந்த ஒருவரின் பேச்சு, பாதிக்கப்பட்ட நுரையீரல் படக் கண்காட்சி, ஊர்வலம், உறுதிமொழி என்று திட்டம். வேறு என்ன சேர்க்கலாம்? (ஒரு தலைமையாசிரியர்)*

சேர்ப்பதைவிடக் குறைக்கலாம். ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம் 2013-ல் வெளியிட்டு, 2018-ல் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து திருத்திய தடுப்புத் தரநிலைகள், முன்பு போதைக்கு அடிமையாக இருந்தவர்களைப் பேசவைப்பது, பயமுறுத்துவது போன்றவற்றால் பலன் இல்லை, சில சமயம் கெடுதலும் உண்டு என்கின்றன. அமெரிக்காவில் 1983-ல் தொடங்கி, போலீஸ்காரர்கள் வகுப்புக்கு வந்து பாடம் நடத்திய 'டேர்' திட்டம் நாடெங்கும் பரவியது. பிறகு ஆய்வு செய்தபோது அதில் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மீண்டு வந்தவரின் பேச்சு பெரியவர்களை உருக்கும். பதினாலு வயதுக்காரன் அதில் கேட்பது வேறு: "இவ்வளவும் பண்ணிட்டு, இப்ப மேடையில நல்லாத்தானே நிக்கிறாரு."

ஒரு நாள் விழாவின் செலவையும் உழைப்பையும் வாரம் ஒரு பீரியட் வீதம் 10 முதல் 15 வகுப்புகளாக மாற்றுங்கள். அடுத்த ஆண்டும் சில வகுப்புகள் தொடர வேண்டும். நடத்துவது பயிற்சி பெற்ற உங்கள் ஆசிரியரே. உரை வேண்டாம், ஒத்திகை வேண்டும். இருவர் எழுந்து நிற்க, ஒருவன் நீட்டுகிறான், மற்றவன் மறுக்கிறான். "வேணாம்டா, நாளைக்கு மேட்ச் இருக்கு" என்று பட்டென்று சொல்லி, பேச்சை மாற்றி, அங்கிருந்து நகர்வதுவரை செய்து பார்க்க வேண்டும். முதல் தடவை எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாவது தடவை வாய் தானாகச் சொல்லும். நண்பர்கள் சுற்றி நிற்கும்போது யோசித்துப் பேச நேரம் இருக்காது என்பதால்தான் இந்தப் பயிற்சி.

இன்னொன்று, பெயரில்லாத கணக்கெடுப்பு. கையெழுத்து அடையாளம் தெரியாதபடி கட்டம் போட்ட தாளில் இரண்டே கேள்வி: கடந்த 30 நாளில் நீ பயன்படுத்தினாயா? உன் வகுப்பில் பத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவதாக நினைக்கிறாய்? பெரும்பாலும் இரண்டாவது எண் முதலாவதைவிட மிகப் பெரிதாக வரும். 'எல்லாரும் செய்றாங்க' என்ற நினைப்பு தப்பு என்பதை அவர்களுடைய எண்ணாலேயே காட்டலாம். முதல் எண்ணே பெரிதாக வந்தால் அதைப் பலகையில் எழுதாதீர்கள், அது விளம்பரமாகிவிடும். வகுப்புவாரியாகவும் வெளியிட வேண்டாம். யார் யார் என்று விரல் நீளும்.

பிடிபட்டவனைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பும் விதி இருந்தால் அதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். பெற்றோர் வேலைக்குப் போன வெறும் வீடு அவனுக்கு இன்னும் வசதி. பள்ளிக்குள்ளேயே வைத்து, ஆலோசகரைப் பார்க்கவைத்து, மாலை விளையாட்டை மட்டும் பறிக்காமல் விட்டால் நல்லது. பள்ளியோடு ஒட்டியிருப்பது பெரிய பாதுகாப்பு. ஐஸ்லாந்து நாடு விளையாட்டு, இசை வகுப்புகளுக்குப் பணம் கொடுத்து, சிறுவர்கள் இரவில் வெளியே சுற்றும் நேரத்துக்கு வரம்பு வைத்து, பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது. கடந்த மாதம் குடித்துப் போதையானதாகச் சொன்ன 15, 16 வயதினர் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5 சதவீதம்.

*கேள்வி: மகன் மேல் சந்தேகம். சிறுநீர் சோதனைக் கிட் வாங்கி வீட்டிலேயே பார்க்கலாமா?*

வேண்டாம். கஞ்சா ஒரு முறை மட்டும் என்றால் 3 நாள்வரை தெரியும், தினமும் என்றால் ஒரு மாதம்கூடத் தெரியும். நிறுத்திய பிறகும் 'ஆம்' என்று காட்டி வீட்டில் அநியாயச் சண்டை வரும். முகரும் பொருள்கள் சாதாரணக் கிட்டில் தெரியவே தெரியாது, ஆக 'இல்லை' என்பதையும் நம்ப முடியாது. கசகசா சாப்பிட்டாலே ஓபியம் வகைக்கு 'ஆம்' காட்டலாம். குழந்தைநல மருத்துவரிடம் தனியாகப் பேசவிடுங்கள். அவர்களிடம் ஆறு கேள்விகள் கொண்ட 'கிராஃப்ட்' என்ற சோதனை உண்டு. போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் ஏறினாயா, மனசு லேசாக எடுத்துக்கொள்கிறாயா, தனியாக இருக்கும்போதா, செய்தது மறந்துபோகிறதா, குறைக்கச் சொல்லி வீட்டாரோ நண்பர்களோ சொன்னார்களா, அதனால் வம்பில் மாட்டினாயா என்பவை அவை. இரண்டுக்கு 'ஆம்' என்றால் மேற்கொண்டு பார்ப்பார்கள். இதை நீங்கள் வீட்டில் கேட்டால் ஆறுக்கும் 'இல்லை' வரும்.

*கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். பிறந்தநாள் பார்ட்டியில் தோழி ஒருத்தி குடித்து, ஏதோ மாத்திரையும் போட்டு மயங்கிவிட்டாள். "தூங்கினா சரியாயிடும்" என்று படுக்க வைத்தோம். நல்லவேளை எழுந்தாள். மறுபடி இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும்?*

தூங்கவிட்டுப் போகக் கூடாது, தங்கையே. வயிற்றில் இருக்கும் மது குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். படுக்க வைக்கும்போது இருந்ததைவிட அரை மணி கழித்து மோசமாகலாம். காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எதுவுமே உதவாது, மூச்சுக்குழலில் வாந்தி போய்விடும் ஆபத்துதான் கூடும்.

தோளைக் கிள்ளி எழுப்புங்கள். எழவில்லை, நிமிடத்துக்கு 8-க்கும் குறைவாக மூச்சு, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லிப்பு, வலிப்பு: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ், அப்புறம்தான் யார் வீட்டுக்குச் சொல்வது என்ற யோசனை. வரும்வரை அவளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் காலின் முழங்காலை மடித்து முன்னால் தள்ளுங்கள், அவளுடைய மேல் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுங்கள், தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். ஒருவர் பக்கத்திலேயே இருந்து மூச்சை எண்ண வேண்டும். மூச்சே இல்லையென்றால் மல்லாத்திப் போட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள்.

மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொடுங்கள். அது ஓபியம் வகை என்று தெரிந்தால் நாலோக்சோன் என்ற மருந்து சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பும். தூக்க மாத்திரை வகை என்றால் சிகிச்சை வேறு. 'ஃபுட் பாய்சன்' என்று பொய் சொன்னால் அந்த நிமிடங்கள் போய்விடும்.

அவளிடம் பேசுவதை அவள் தெளிந்த ஓரிரு நாளுக்குள், கூட்டமில்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நடந்ததை, நீங்கள் பார்த்தபடியே சொல்லுங்கள். அவளுக்குப் பாதி நினைவிருக்காது. மாத்திரை யார் கொடுத்தது என்று சொன்னால் அதை நீங்கள் இருவர் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், இருவரும் நம்பும் ஒரு பெரியவரிடம் போங்கள். சித்தியோ, உடற்கல்வி ஆசிரியையோ, யாராக இருந்தாலும் சரி.