அந்தூரியம்: மலையக வீடுகளிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

இலங்கையின் மலையகத்தில் வீட்டுக்குள் அந்தூரியம் என்னும் பூச்செடியை வளர்ப்போர் தங்கள் சிக்கல்களை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தேன். ஒரே கருத்துடைய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (நுவரெலியா): ஐயா, கண்டியில் மாமி வீட்டில் செழித்து நின்ற செடியைக் கொண்டுவந்து எங்கள் வரவேற்பறையில் வைத்தேன். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும், தை பிறப்பதற்குள் இலைகள் மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்துவிட்டது. என்ன பிழை செய்தேன்?

பதில்: நாள் தவறாமல் ஊற்றியதுதான் பிழை, அம்மா. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மாமி வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே எட்டு, ஒன்பது பாகை வித்தியாசம் உண்டு. அந்தூரியத்தின் தாய்மண் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஈரக் காடுகள். அங்கே அது பெரும்பாலும் மரங்களைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் நீட்டி வாழ்கிறது. 15 பாகைக்குக் கீழே அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வளராத செடி தண்ணீரைக் குடிக்காது. குடிக்காத தண்ணீர் சாடியில் தேங்கி, குளிர்ந்து, வேரை மூச்சடைக்கச் செய்யும். குளிரை மட்டும் என்றால் செடி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதைத்தான் அதனால் தாங்க முடியாது. மலையகத்தில் நான் பார்த்த அந்தூரியச் சாவுகளில் பெரும்பாலானவை இப்படி நேர்ந்தவையே.

செடியைச் சாடியிலிருந்து மெல்லக் கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில், விரலால் அழுத்தினால் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரல்களால் பிடித்து இழுத்தால், மேல்தோல் உறை போலக் கழன்று கையோடு வந்துவிடும். உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் தொங்கும். அவ்வாறானவற்றைச் சுத்தமான கத்தியால் வெட்டிவிட்டு, புதிய கலவையில் நட்டு, சாடியின் மேற்பகுதிக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும், முற்பகல் பத்து மணிக்குப் பின் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். மாலையில் ஊற்ற வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் பத்து நாளுக்கு ஒரு முறைகூடப் போதுமானதாக இருக்கலாம். இரவில் செடியை யன்னல் கண்ணாடியிலிருந்து தள்ளி வையுங்கள். உறைபனி விழும் இரவுகளில் அந்தக் கண்ணாடியில் ஒட்டி நிற்கும் இலை முதலில் கருகும்.

கேள்வி (ஹட்டன்): புதிய கலவை என்றால் என்ன? எங்கள் வீட்டுத் தோட்டத்து மண் நல்ல கறுப்பு மண், அதில் நடலாமா?

பதில்: வேண்டாம். அந்த மண் மரக்கறிக்கு உகந்தது. சாடிக்குள் இறுகி, வேருக்குக் காற்று போகாமல் செய்துவிடும். சிறு துண்டுகளாக வெட்டிய தேங்காய்ப் பொச்சு (நார் மட்டை) இரண்டு பங்கு, மரக்கரி ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, கைப்பிடி மக்கிய இலை எருவும் சேர்த்தால் போதும். பொச்சில் உப்பும் சாயமும் இருப்பதால், ஒரு கிழமை தண்ணீரில் ஊறவிட்டு, தேத்தண்ணீர் நிறம் வடிந்து தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். தும்புச்சோறு (பொச்சு நாரிலிருந்து உதிரும் தூள்) மட்டும் நிரப்பினால் உங்கள் ஊர்க் குளிரில் அது ஈரத்தை விடாது. சாடி மாற்றுவதற்குப் பங்குனி, சித்திரையே ஏற்ற காலம்.

கேள்வி (மஸ்கெலியா): அண்ணா, எங்களுடையது லயத்துக் காம்பரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை), ஒரே யன்னல், அடுப்புப் புகையும் உண்டு. இங்கே அந்தூரியம் பூக்குமா?

பதில்: பூக்கும், தங்கச்சி, ஆனால் காம்பராவுக்குள் அல்ல, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்). நண்பகலில் செடி நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன் மேல் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் மங்கலாக, ஆனால் கை என்று தெரியும்படி விழுந்தால் வெளிச்சம் அளவாக இருக்கிறது. நிழலே விழாவிட்டால் இலை வரும், பூ வராது. கூர்மையான நிழல் விழுந்தால் வெயில் அதிகம், இலை வெளிறிக் கருகும். பகலில் இஸ்தோப்பிலும், குளிர் இரவில் காம்பராவில் அடுப்புக்கு எட்டாத மூலையிலும் வைத்தால் போதும். புகைக்கரி இலையில் படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது என்பதால், கிழமைக்கு ஒரு முறை ஈரத்துணியால் இலையின் இருபுறமும் துடைத்துவிடுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): தேயிலைக்குப் போடும் உரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைப் போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து. எனவே அந்த உரத்தில் இலையை வளர்க்கும் தழைச்சத்தே (நைதரசன்) மேலோங்கியிருக்கும். அந்தூரியத்துக்கு அதை இட்டால் இலை கரும்பச்சையாகப் பெருகும், பூ குறையும். போதாததற்கு, சிறிய சாடிக்குள் அந்த உப்பு வேரைச் சுட்டுவிடும். தழைச்சத்து, மணிச்சத்து (பொசுபரசு), சாம்பல்சத்து (பொற்றாசியம்) மூன்றும் சமமாக உள்ள கரையும் உரத்தை, பொதியில் சொன்ன அளவில் கால் பங்காக்கி, மாதம் ஒரு முறை, வேர் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள். குளிர் மாதங்களில் உரமே வேண்டாம்.

கேள்வி (பண்டாரவளை): ஆடி மாதக் காற்றில் இலை ஓரங்கள் காய்கின்றன, இலையின் அடியில் மெல்லிய வலை போலவும் தெரிகிறது.

பதில்: தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உங்கள் ஊர் இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. நுவரெலியாக்காரருக்குச் சொன்ன "தண்ணீரைக் குறையுங்கள்" என்பது அந்த மாதங்களில் உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் பார்த்த வலை சிலந்திப்பேனுடையது. வறட்சியில்தான் அது பெருகும். இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான சவர்க்காரக் கரைசல் கலந்து, ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். சாடியைக் கூழாங்கல்லும் தண்ணீரும் உள்ள தட்டின் மேல், அடி தண்ணீரைத் தொடாதவாறு வையுங்கள்.

கேள்வி (பதுளை): சிவப்புப் பூ ஒரு மாதத்துக்குப் பின் பச்சையாக மாறுகிறது. நோயா?

பதில்: நோயல்ல, முதுமை. சிவப்பாகத் தெரிவது பூவே அல்ல. நிறம் மாறிய ஓர் இலைதான், மடல் என்போம். நடுவில் நிற்கும் கதிரில் நெருக்கமாக இருக்கும் மணிகளே உண்மையான பூக்கள். அவை முதிரும்போது மடல் மீண்டும் இலையின் நிறத்துக்குத் திரும்புகிறது. அதைக் காம்போடு அடியில் வெட்டிவிடலாம். ஆனால் பச்சை இலையை வெட்டாதீர்கள்: வளர்ந்த செடியில் ஒவ்வொரு இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வருகிறது.

கேள்வி (கண்டி): இலை ஓரத்தில் நீர் கோர்த்தது போன்ற புள்ளிகள் தோன்றி, மஞ்சள் வளையத்தோடு பழுப்பாகின்றன. வேறு இரண்டு செடிகளும் பக்கத்தில் இருக்கின்றன.

பதில்: நீங்கள் விவரிப்பது பற்றீரியாக் கருகல் நோய்க்கு மிகவும் ஒத்திருக்கிறது. அதை மருந்து குணப்படுத்துவதில்லை. மனது கேட்காதுதான், ஆனாலும் அந்தச் செடியைச் சாடிக் கலவையோடு அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் தெறிப்பதாலும் ஒரே கத்தியாலும் அது பரவும் என்பதால், கத்தியை மதுசாரத்தில் துடையுங்கள். மீதி இரண்டின் இலையில் தண்ணீர் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி (கொட்டகலை): வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கிறாள். வைத்திருப்பது ஆபத்தா?

பதில்: எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்தூரியமும் சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சரியாக வேகாத கருணை நாக்கை அரிப்பதற்குக் காரணமான ஊசி போன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் இதன் இலையிலும் தண்டிலும் உள்ளன. பிள்ளை கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொடுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், விழுங்கச் சிரமப்பட்டால், காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வெட்டிய இலைகளையும் தரையில் விடாதீர்கள். தவழும் பிள்ளையின் கைக்கு முதலில் எட்டுவது அவைதான்.