பிரசவம் எதிர்பாராமல் வீட்டிலேயே நடந்துவிட்டால் என்ன செய்வது? உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. போன ஆடி மாதம் என் அண்ணனின் இரண்டாவது குழந்தை எங்கள் வீட்டு நடு அறையில்தான் பிறந்தாள். ஊர், திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் ஒரு கிராமம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அன்றைக்குக் கையில் போன் வைத்திருந்தது நான், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில்தான் பெறுவோம் என்று கொள்கை வைத்திருக்கும் குடும்பம் அல்ல நாங்கள். மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தால் கொடுக்கும் எண்) வாங்கியாயிற்று, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பை பீரோ பக்கத்தில் தயாராக இருந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் ஆயிற்று, அதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது. இரண்டாவதும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் கணக்குப் போட்டிருந்தோம், மைனி உட்பட.

ராத்திரி இரண்டு மணி வாக்கில் இடுப்பு வலிக்கிறது என்றாள். அம்மா சீரகக் கஷாயம் போட அடுப்பைப் பற்றவைத்தாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்: சூட்டு வலியாக இருந்தால் கஷாயத்துக்கு அடங்கும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும். கஷாயம் கொதிக்கவில்லை, அதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. நான் 108-ஐ அழைத்தேன்.

இந்த இடத்தில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம். 108-ஐ அழைத்தால் எடுப்பவர் சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். அவருக்கு உங்கள் ஊர்ப் பெயர் மட்டும் போதாது. மாவட்டம், தாலுகா, பக்கத்தில் உள்ள பெரிய ஊர், அம்மன் கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ ஏதாவது அடையாளம், இத்தனையும் சொல்ல வேண்டும். பதற்றத்தில் இவ்வளவும் நாக்கில் வராது. வீட்டில் மாசமாக ஒருத்தி இருந்தால் இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் ஒட்டிவைத்திருந்தாள், காஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே.

வண்டி கிளம்பிவிட்டது, இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அண்ணன் அதற்குள் பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நிற்கிறான். மைனி எழுந்து, "வெளிக்கு வருது, பாத்ரூம் போகணும்" என்றாள். ஆச்சி வாசல்படியை மறித்துக்கொண்டு நின்றாள். "வெளிக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ள வந்துட்டு. ஏட்டி, பாயைப் போடு" என்றாள். ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, ஐந்து பிள்ளைகளையும் இதே வீட்டில் பெற்றவள். போனில் இருந்த பெண்ணும் அதையேதான் சொன்னார்: முக்கவேண்டும் போல, மலம் வருவது போல அழுத்தம் வந்துவிட்டால் வண்டியில் ஏற்றாதீர்கள், கழிப்பறைக்கும் விடாதீர்கள், இருக்கும் இடத்திலேயே படுக்கவையுங்கள். தேரி ரோட்டில் லோடு ஆட்டோவில் பெறுவதைவிட வெளிச்சமும் தண்ணீரும் இருக்கும் வீட்டுத் தரை எவ்வளவோ மேல்.

பாய், அதன்மேல் பழைய பருத்திச் சேலை, துவைத்த துண்டுகள் நான்கைந்து. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள், குழந்தைக்குக் குளிரக் கூடாதாம். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் வைத்தேன். அதன்பிறகு எங்களுக்குச் சொல்லப்பட்டது பெரும்பாலும் செய்யாதீர்கள் என்பதுதான். இழுக்காதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள். தலை தெரிந்தால் கையைக் கீழே கொடுத்துத் தாங்குங்கள், வேகமாகத் தெறித்து வராமல் இருந்தால் போதும். தலை வந்தது, அடுத்த வலியில் தோள், அதன்பின் ஒரே வழுக்கல். அம்மா கையில் பிள்ளை.

உடனே அழவில்லை. ஆச்சி, "காலைப் பிடிச்சித் தலைகீழாத் தூக்கி முதுகுல ரெண்டு தட்டு" என்றாள். போனில் இருந்த பெண் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். அப்படிச் செய்யவே கூடாதாம். துண்டால் தலை, முதுகு எல்லாம் அழுத்தித் துடையுங்கள், ஈரத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காய்ந்ததை எடுங்கள் என்றார். முதுகைத் தேய்த்தபோதே வீறிட்டாள். கையும் காலும் கொஞ்சம் நீலமாக இருந்ததைப் பார்த்து அண்ணன் அரண்டுபோனான். உடம்பும் உதடும் சிவந்திருந்தால் கைகால் நீலம் முதல் சில மணி நேரத்துக்கு இயல்புதான் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

தொப்புள்கொடியை என்ன செய்வது என்பதுதான் அடுத்த சண்டை. தாத்தாவின் சவரப் பெட்டியிலிருந்து ஒரு பிளேடு வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தது. வெட்ட வேண்டாம் என்றது போன். குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படும்படி போட்டு, இருவரையும் சேர்த்து மூடச் சொன்னார்கள். கொடி அப்படியே இருக்கட்டும். அதில் துடிப்பு இருக்கும்வரை குழந்தைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். உலகச் சுகாதார நிறுவனமே குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்து வெட்டு என்றுதான் சொல்கிறது, ஆஸ்பத்திரியிலும்கூட. வீட்டில் அவசரமே இல்லை. முன்காலத்தில் பிளேடும் அரிவாளும் பட்டு, சாணமும் சாம்பலும் வைத்து, எத்தனை பச்சைப்பிள்ளைகள் ஜன்னி கண்டு போயின. பிறந்த குழந்தைக்கு வரும் அந்த ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று அறிவித்தது 2015-இல்தான். ஆச்சிக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளுக்கு ஒரு பிள்ளை எட்டாம் நாள் போனது.

ஆனால் அன்றைக்கு எங்கள் எல்லாரையும்விட ஆச்சிதான் உருப்படியாக இருந்தாள். பிள்ளை அழுததும் அம்மா அழுகிறாள், அண்ணன் வீடியோ எடுக்கிறான், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். ஆச்சி மட்டும் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. மைனியின் கால்மாட்டில் உட்கார்ந்து சேலையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையப் பாத்தது போதும், பெத்தவளப் பாருங்க. நஞ்சு இன்னும் விழல" என்றாள்.

இந்தக் கேள்விக்கு என் பதில் அந்த ஒரு வரிதான். பிள்ளை வந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம், ஆபத்து அதற்கப்புறம்தான் இருக்கிறது. நஞ்சுக்கொடி பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக வந்துவிடும், அதை இழுத்தால் கர்ப்பப்பையே கூட வெளியே வரலாம். வந்த பிறகு கர்ப்பப்பை சுருங்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே கைவைத்தால் தேங்காய் மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ரத்தம் நிற்காது. அரை லிட்டரைத் தாண்டிவிட்டாலே அதை அதிக ரத்தப்போக்கு என்று டாக்டர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். சேலையும் பாயும் உறிஞ்சிக்கொள்வதால் நம் கண்ணுக்கு அது தெரியாது. 2018-இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் இறந்தது இப்படி ரத்தம் போய்த்தான். எதிர்பாராமல் நேர்வது வேறு, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவெடுத்து உட்கார்ந்திருப்பது வேறு. இரண்டாவதைப் பெருமையாகப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

ஆச்சி சேனை தொட்டுவைக்க, அதாவது பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுவைக்க, சீனித்தண்ணி கேட்டாள், அதையும் தடுத்தாயிற்று. பால் குடிக்க விடச் சொன்னார்கள். குழந்தை சப்பினால் தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கும், அது கர்ப்பப்பையைச் சுருக்கும். ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடுவதும் அதே ஆக்சிடோசின்தான். அம்மன் கோயில் பக்கம் சைரன் கேட்டபோது பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. வண்டியில் வந்த பெண், சின்ன வயசு, உள்ளே வந்ததும் முதலில் மைனியின் நாடியைத்தான் பிடித்தார். கிளிப் போட்டுக் கொடியை வெட்டினார், நஞ்சு விழுந்ததும் அதை ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துக்கொண்டார். முழுசாக வந்திருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டுமாம். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தம் நிற்காது. வீட்டில் பிறந்தால் பலர் அதை உடனே குழிதோண்டிப் புதைத்துவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மைனிக்கு இரண்டு தையல். குழந்தைக்கு வைட்டமின் கே, பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு. வீட்டில் நன்றாகத்தானே பிறந்தது, எதற்கு ஆஸ்பத்திரி என்று ஒரு மாமா கேட்டார். இதற்குத்தான். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேகப் பிரசவம் இது, அடுத்த முறையும் இப்படி நேரலாம், முன்கூட்டியே வந்து படுத்துக்கொள் என்று டாக்டரம்மா சொன்னார். "அடுத்த முறையா?" என்று மைனி அண்ணனைப் பார்த்தாள்.

பிறகு அலுவலக வேலை. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம் என்பதால், வீட்டில் பிறந்தது என்றாலே சுகாதாரத் துறை விசாரிக்கும். எங்கள் நர்ஸம்மா அன்றைக்கே வந்துவிட்டார், பாவம், அவருக்குத்தான் மேலிடத்துக்குப் பதில் சொல்லும் வேலை. 108-க்கு அழைத்த நேரம் பதிவில் இருந்ததால் யாரும் குடையவில்லை. பிறப்பைப் பதிய 21 நாள் கெடு, அதற்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள், வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர்தான் கொடுக்க வேண்டும். தாத்தா பிக்மி எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் வந்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் வீட்டு முகவரி இருக்கிறது.

பெயர்க் கட்டம் இன்னும் காலி. ஆச்சி குலதெய்வத்தின் பெயரில் நிற்கிறாள், அண்ணன் மூன்றெழுத்தில் ஏதோ சொல்கிறான். பெயர் சேர்க்கப் 12 மாதம் வரை கட்டணம் கிடையாது என்று நான்தான் விசாரித்துச் சொன்னேன், அதிலிருந்து இரண்டு பேரும் இறங்கி வருவதாக இல்லை.