தனியாக வளரும் நத்தை முட்டையிட்டிருக்கிறது. நத்தைகள் எல்லாம் இருபாலுயிரிகள்தானா?

மீன்தொட்டியில் பல மாதங்களாகத் தனியாக இருக்கும் மஞ்சள் நத்தை, நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் முட்டைக் கொத்து இட்டிருப்பதாகவும், அது தானே கருவுற்றதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வண்ணமீன் கடைகளில் ஆப்பிள் நத்தை, மிஸ்டரி நத்தை என்ற பெயர்களில் விற்கும் பொமேசியா வகையைத்தான் நீங்கள் வைத்திருக்க வேண்டும். அதில் ஆண் வேறு, பெண் வேறு. உங்களுடையது பெண். கடைத் தொட்டியில் மற்ற நத்தைகளோடு கிடந்தபோதே அது இணை சேர்ந்திருக்கும். பெற்ற விந்தணுக்களை மாதக்கணக்கில் உடலுக்குள் வைத்திருந்து பிறகு முட்டையிட அதனால் முடியும்.

நான் விலங்கியல் படித்தவன் அல்லன், வங்கியில் கணக்குப் பார்ப்பவன். ஆனால் சென்னை கொளத்தூரில் வாங்கிவந்த ஆப்பிள் நத்தைகளைச் சில ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். ஆண் நத்தை பெண்ணின் ஓட்டின் மீது ஏறி வலப்புறமாகப் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பதையும், பெண் அதைச் சுமந்தபடியே சாவகாசமாக வெள்ளரித் துண்டைத் தின்றுகொண்டிருப்பதையும் என் மகளும் நானும் பலமுறை பார்த்திருக்கிறோம். நத்தை ஓட்டைவிட்டு நன்றாக வெளியே நீளும்போது, உள்ளே வலப்பக்கத்தில் ஆண் உறுப்பின் உறை தெரிகிறதா என்று பார்த்துப் பால் பிரிக்கவும் அவள் கற்றுக்கொண்டாள்.

அவள் அறிவியல் தேர்வில், இருபாலுயிரிகளுக்கு எடுத்துக்காட்டாக மண்புழுவையும் தோட்டத்து நத்தையையும் எழுதிவிட்டு, 'ஆப்பிள் நத்தை இதில் சேராது' என்று ஒரு வரி கூட்டியிருந்தாள். ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். நேரில் போய்ப் பணிவாகக் கேட்டதற்கு, பாடநூலில் இருப்பதை எழுதினால் போதும் என்ற பதில்தான் கிடைத்தது. இந்த நாட்டில் விலங்கியல் பட்டம் பெற்றவர்களில் மிகப் பலர் படித்தது பைலாவை, அதாவது நம் வயலிலும் குளத்திலும் இருக்கும் நத்தையை. அதுவும் ஆப்பிள் நத்தையின் குடும்பம்தான், அதிலும் ஆண் பெண் தனித்தனி. படித்ததையே மறந்தவர் குழந்தையின் மதிப்பெண்ணில் கை வைப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பேச்சா என்பவர்கள் தாராளமாக அப்படியே நினைத்துக்கொள்ளலாம்.

எல்லா நத்தைக்கும் ஆண் பெண் தனி என்று நான் சொல்லவில்லை. தோட்டங்களை அழிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தை இருபாலுயிரி. தொட்டிச் செடிகளோடு ஒட்டிக்கொண்டு வரும் ராம்ஸ்ஹார்ன் நத்தையும் அப்படியே. அது துணையின்றித் தன்னைத்தானே கருவுறச் செய்யவும் வல்லது. மணலுக்குள் புதைந்து வாழும் மலேசியன் டிரம்பெட் நத்தையில் பெண்ணே ஆணின்றிக் குட்டி போடும். தொட்டியில் வாழும் இவ்விரண்டின் முட்டையும் குட்டியும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் என்பதால், உங்கள் கண்ணாடியில் இருப்பது அவற்றின் வேலை அல்ல.

குஞ்சுகள் வேண்டாமென்றால் கொத்தைப் பெயர்த்து ஓரிரு நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள். ஏரியிலோ வாய்க்காலிலோ மட்டும் போடாதீர்கள். இதன் உறவான இன்னொரு பொமேசியா, 1980ஐ ஒட்டி உணவுக்கென்று தென் அமெரிக்காவிலிருந்து தைவானுக்குக் கொண்டுவரப்பட்டு, பிலிப்பைன்ஸ், வியட்நாம் வரை பரவி நெல் நாற்றுகளைத் தின்று தீர்த்தது. குஞ்சுகள் வேண்டுமென்றால் கொத்தை அப்படியே விட்டு, அது நீரில் மூழ்காமலும் காய்ந்துபோகாமலும் தொட்டியை மூடி வையுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் பொரித்துத் தாமே நீரில் விழும். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து தேவை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையில், அதாவது கணவாயின் உள்ளோட்டில், ஒரு துண்டு போட்டால் போதும். செம்பு கலந்த மீன் மருந்து எதையும் அந்தத் தொட்டியில் ஊற்றிவிட வேண்டாம், நத்தைகள் செத்துவிடும்.