பாயின்ட் கார்டு ஆனதும் பாயின்ட் குறைந்துவிட்டதே!

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து பாஸ்கெட்பால் ஆடுகிறாள். போன வருடம் வரை டீமில் அதிக பாயின்ட் போடுவது அவள்தான். மேட்சுக்கு 18, 20 என்று வரும். இந்த வருடம் வந்த புது கோச் அவளை பாயின்ட் கார்டு ஆக்கிவிட்டார். இப்போது 6 பாயின்ட் வந்தாலே பெரிது. பந்தைக் கொண்டுவந்து மற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பதே வேலையாகிவிட்டது. செலக்‌ஷன் நெருங்குகிறது. பாயின்ட் போடாத பெண்ணை யார் கண்டுகொள்வார்கள்? உயரமும் 5 அடி 3 அங்குலம்தான். போன மேட்சில் நாலைந்து முறை பந்தைப் பறிகொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள். நான் கோச்சிடம் போய்ப் பேசலாமா? இன்னொன்று: இடது கை பழக வேண்டுமானால் சாப்பாடு முதல் எல்லாவற்றையும் இடது கையால் செய்யச் சொல் என்கிறார் என் நண்பர். சரிதானா?

- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை, ஈரோடு

பதில்: கோச்சிடம் பேசலாம், தப்பில்லை. ஆனால் "என் பெண்ணை ஏன் மாற்றினீர்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அவரிடம் கேட்க வேறு ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் 18 இருக்கிறது, 20 இருக்கிறது, 6 இருக்கிறது. டீம் மொத்தம் எத்தனை போடுகிறது, ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பது மட்டும் இல்லை. பாயின்ட் கார்டை அளக்க வேண்டிய இடமே அதுதான்.

ஒரு பழைய கதை. 2000-01 சீசனில், அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் நியூஜெர்சி நெட்ஸ் அணியின் பாயின்ட் கார்டு ஸ்டெஃபான் மார்பரி. மேட்சுக்குச் சராசரி 23.9 பாயின்ட் போட்டார். திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. அணி 82 மேட்சில் 26-தான் ஜெயித்தது. அந்தக் கோடையில் அவரை ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்த ஜேசன் கிட்டை வாங்கினார்கள். அடுத்த சீசனில் கிட்டின் சராசரி 14.7. அதாவது மார்பரியைவிட ஒன்பது பாயின்ட் குறைவு. எறிவதிலும் சுமார்தான், பத்து எறிந்தால் நாலு விழும், அதுவும் சந்தேகம். ஆனால் நெட்ஸ் அந்த சீசனில் 52 மேட்ச் ஜெயித்து ஃபைனல் வரை போனது.

முழுப் புகழையும் கிட் கணக்கில் எழுதிவிடக் கூடாது. காயத்தால் முந்தைய சீசன் முழுக்க ஆடாத கெர்ரி கிட்டில்ஸ் திரும்பி வந்திருந்தார். ரிச்சர்ட் ஜெஃபர்சன் புதிதாகச் சேர்ந்தார். கென்யன் மார்ட்டினுக்கு அது இரண்டாவது வருடம். ஆனால் இந்த மூன்று பேருமே ஓடுகிற ஆட்கள், ஓடுகிறவர்களுக்குப் பந்து வந்து சேர வேண்டும். கிட் ரிபவுண்டையும் (குறி தவறித் திரும்பி வரும் பந்து) தானே எடுப்பார், மேட்சுக்கு ஏழுக்கு மேல். எடுத்த கையோடு தலையைத் தூக்கி எதிர்ப்பக்கம் பார்ப்பார். ஓடினால் பந்து நிச்சயம் வரும் என்று தெரிந்த பிறகு அந்த அணியில் யாரும் நடக்கவில்லை. பாயின்ட் கார்டின் செல்வாக்கு என்று நான் சொல்வது இதைத்தான். ஸ்கோர் ஷீட்டில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

சரி, திறமை என்று வரும்போது எல்லோரும் "பார்வை" என்பார்கள், முதுகிலும் கண் இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நல்ல பாயின்ட் கார்டு ஓபனாக, அதாவது எதிராளி யாரும் மறிக்காமல், இருக்கும் ஆளைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை. ஆளை ஓபன் ஆக்குகிறார். என்.பி.ஏ. பாயின்ட் கார்டு ஸ்டீவ் நாஷின் பழைய வீடியோக்களை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். நாஷ் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிபிள்) ரிங்கை நோக்கிப் போவார். அங்கே போகிறவர்கள் ஒன்று லே-அப் (ரிங்குக்குக் கிட்டே போய்ப் பந்தை உள்ளே போடுவது) போடுவார்கள், இல்லையென்றால் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பந்தைக் கையில் பிடித்துவிடுவார்கள். நாஷ் இரண்டையும் செய்யாமல், டிரிபிளை நிறுத்தாமல், ரிங்குக்கு அடியில் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடி, அந்தப் பக்கமாக வெளியே வருவார். அந்த இரண்டு மூன்று விநாடி நாஷைப் பார்க்காதீர்கள், எதிரணியைப் பாருங்கள். ஒவ்வொரு தலையும் பந்தோடு சேர்ந்து திரும்பும். திரும்பிய நொடியில், தான் காக்க வேண்டிய ஆள் எங்கே என்பது மறந்துபோகும். அந்த ஆள் ஒரே ஒரு எட்டு நகர்ந்திருப்பார். பந்து அவர் கைக்குப் போய்விடும். 2003-04-ல் 29 மேட்ச் ஜெயித்த ஃபீனிக்ஸ், நாஷ் வந்ததும் அடுத்த சீசனில் 62 ஜெயித்தது. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அந்த வருடம் அவருடைய சராசரி 15.5 பாயின்ட், 11.5 அசிஸ்ட் (கூட ஆடுபவர் பாயின்ட் போட வழிசெய்த பாஸ்).

வேகம் வேண்டும்தான். அதைவிட, வேகத்தைச் சட்டென்று குறைக்கத் தெரிய வேண்டும். இன்னொரு என்.பி.ஏ. பாயின்ட் கார்டு கிறிஸ் பால் இதில் மன்னன். அவர் அணியின் சென்டர், அதாவது ரிங்கை ஒட்டி ஆடும் உயரமானவர், டிஃபெண்டருக்குக் குறுக்கே வந்து நின்று வழியை மறிப்பார் (ஸ்கிரீன்). அவர் தோளை உரசிக்கொண்டு தாண்டியதும் இளம் ஆட்டக்காரர்கள் நேராகப் பாய்வார்கள். கிறிஸ் பால் பிரேக் போடுவார். துரத்தி வந்த டிஃபெண்டர் முதுகில் வந்து இடித்து அங்கேயே மாட்டிக்கொள்வார். இப்போது முன்னால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு டிஃபெண்டர், காக்க வேண்டியது இரண்டு பேரை. அவர் கிறிஸ் பால் பக்கம் வந்தால், ரிங்கை நோக்கி ஓடும் சென்டருக்குப் பந்து போகும். சென்டர் பக்கம் ஒதுங்கினால், கிறிஸ் பால் நின்ற இடத்திலிருந்தே எறிவார். அவசரமே இல்லாமல் இரண்டு டிரிபிள் அடித்து, எதிராளி முடிவெடுக்கும் வரை காத்திருப்பார். உங்கள் மகள் பந்தைப் பறிகொடுத்த இடங்களை யோசித்துப் பாருங்கள். பாதியாவது அவசரத்தில் போனதாகத்தான் இருக்கும்.

பாஸ் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கல்யாணப் பந்தியில் நன்றாகப் பரிமாறுகிறவர், யார் இலையில் எது தீர்ந்திருக்கிறது, யார் கையால் மறைப்பார் என்று பார்த்தே போவார். பாயின்ட் கார்டுக்கும் அந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும். தூரத்திலிருந்து எறிகிற பெண்ணுக்கு மார்பு உயரத்தில், அவள் கால் ஊன்றி நிற்கும்போது பந்து வர வேண்டும். குனிந்து எடுக்க வைத்தால் அந்த ஷாட் கெட்டது. ரிங்குக்கு அடியில் இருக்கும் உயரமான பெண்ணுக்கு, அவள் கை தூக்கிக் காட்டுகிற பக்கம் மேலே. ஓடுகிறவளுக்கு, அவள் இருக்கும் இடத்துக்கு அல்ல, அவள் கால் வைக்கப்போகும் இடத்துக்கு. ஜான் ஸ்டாக்டன் யூட்டா ஜாஸ் அணிக்கு 19 சீசன் ஆடி 15,806 அசிஸ்ட் கொடுத்தார், என்.பி.ஏ.வில் இன்று வரை அதை யாரும் நெருங்கவில்லை. அதில் 18 சீசன் கூடவே ஆடியவர் கார்ல் மலோன். அவருக்கு எங்கே, எந்த உயரத்தில் பந்து வேண்டும் என்பது ஸ்டாக்டனுக்குத் தூக்கத்திலும் தெரியும். 19 சீசனில் அவர் ஆடாமல் விட்டது 22 மேட்ச் மட்டும். கூடவே இருந்து ஆடினால்தானே தெரியும்!

இதுவரை கோச் பக்கம் பேசியாயிற்று. இனி உங்கள் பக்கம்.

18 போட்டவள் 6-க்கு இறங்கியது எனக்கும் இடிக்கிறது. பாயின்ட் கார்டு எறிய மாட்டாள் என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டால், அவளைக் காக்க வேண்டியவள் இரண்டு அடி பின்னால் போய் நின்று பாஸ் போகிற வழியை அடைப்பாள். அப்புறம் ஐந்து பேர் சேர்ந்து நாலு பேரைக் காக்கிற ஆட்டமாகிவிடும். நாஷின் பாஸ்களுக்கு வழி கிடைத்ததற்கு அவருடைய குறியும் ஒரு காரணம். அவரை விட்டு விலகி நிற்க யாருக்கும் துணிச்சல் வராது. ஜேசன் கிட்கூடப் பிற்பாடு தூரத்திலிருந்து எறியக் கற்றுக்கொண்டார்; 2013-ல் ஓய்வு பெற்றபோது மூன்று பாயின்ட் ஷாட் போட்டவர்கள் வரிசையில் அவர் மூன்றாம் இடத்தில் இருந்தார். மறுபக்கத்துக்கு உதாரணம் ஃபிலடெல்ஃபியாவின் பென் சிம்மன்ஸ். 2021 பிளே-ஆஃபில் அட்லாண்டாவுக்கு எதிரான ஏழாவது மேட்ச், கடைசி குவார்ட்டர், ரிங்குக்கு நேர் அடியில் பந்தோடு நிற்கிறார். பக்கத்தில் இருப்பது அவரைவிட முக்கால் அடிக்கு மேல் குட்டையான ட்ரே யங் ஒருவர்தான். பந்தைக் கையாலேயே ரிங்குக்குள் திணிக்க (டங்க்) வேண்டிய இடம். சிம்மன்ஸ் பாஸ் செய்தார். வாங்கியவர் ஃபவுல் ஆகி, இரண்டு ஃப்ரீ த்ரோவில் (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) ஒன்றுதான் போட்டார். அணி அந்த மேட்சில் தோற்று வெளியேறியது. அந்த ஒரு பாஸைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

ஆக, கோச்சிடம் கேட்க வேண்டியது: "எந்தெந்த நேரத்தில் அவளே எறிய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" விவரமான கோச்சாக இருந்தால் உடனே பதில் சொல்வார். டிஃபெண்டர் ஸ்கிரீனுக்குப் பின்னால் போனால் எறி, ரிங்குக்கு முன் ஒரே ஆள் இருந்தால் நேராகப் போ, ஷாட் கிளாக்கில் (எறிவதற்குள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரம்) ஐந்து விநாடிதான் மிச்சம் என்றால் யோசிக்காதே என்பது மாதிரி. "எறியவே வேண்டாம், பந்தைக் கொடுத்தால் போதும்" என்று சொன்னால், அப்போது உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வியைக்கூட மகளே கேட்பதுதான் நல்லது. பதினொன்றாம் வகுப்புப் பெண், அவளுக்கும் கோச்சுக்கும் நடுவில் அப்பா நின்றால் இருவருக்கும் சங்கடம்.

அழுகைக்கு வருகிறேன். கெய்ட்லின் கிளார்க் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கும். 2024 மே மாதம் அமெரிக்கப் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் தன் முதல் மேட்சில் 10 முறை பந்தைப் பறிகொடுத்தார். ஜூலையில் ஒரே மேட்சில் 19 அசிஸ்ட் கொடுத்து லீக் சாதனை படைத்தார். சீசன் முடிவில் 337 அசிஸ்ட். அதுவரை ஒரு சீசனில் யாரும் அத்தனை கொடுத்ததில்லை. டர்ன் ஓவர், அதாவது பந்தைப் பறிகொடுத்தது, 223. அதுவும் அதுவரை யாருக்கும் ஆனதில்லை! முந்தைய சீசனில் 13 ஜெயித்த அவர் அணி 20 ஜெயித்து, 2016-க்குப் பிறகு முதல் தடவையாக பிளே-ஆஃபுக்குப் போனது. பந்து எப்போதும் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையிலிருந்துதானே போகும்.

அதற்காக எல்லா டர்ன் ஓவரையும் தட்டிக்கொடுக்க வேண்டாம். கோர்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக மிதக்கவிட்ட பாஸ் நடுவில் பறிபோனால், அது எதிரணிக்கு ஆளில்லாத லே-அப். அதற்குத் திட்டு வாங்கட்டும். ரிங்கை நோக்கி வெட்டி ஓடிய தோழிக்குக் கொடுக்கப் பார்த்து விரல் நுனியில் தவறியதை விட்டுவிடலாம். அடுத்த முறை அது போய்ச் சேரும். கிறிஸ் பாலின் மொத்தக் கணக்கில் ஒரு டர்ன் ஓவருக்கு ஏறக்குறைய நாலு அசிஸ்ட். பள்ளி மட்டத்தில் ஒன்றுக்கு இரண்டு வந்தாலே நான் கைதட்டுவேன்.

நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டு. காலரியில் உட்கார்ந்து அவள் பாயின்ட்டை எண்ணுவதற்குப் பதில், அவள் உள்ளே இறங்கும்போதும் வெளியே வரும்போதும் ஸ்கோரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் ஆடிய நேரத்தில் டீம் எத்தனை முன்னேறியது, எத்தனை பின்தங்கியது என்று தெரிந்துவிடும். ஒரு மேட்சை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்தாறு மேட்ச் சேரட்டும். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு உங்கள் அபிப்பிராயம் மாறலாம். மாறாமலும் போகலாம், அப்படியானால் கோச்சிடம் காட்டக் கையில் ஏதாவது இருக்கும்.

செலக்‌ஷனில் சிக்கல் என்னவென்றால், அங்கே முன்பின் தெரியாத பிள்ளைகளோடு ஆட விடுவார்கள். ஆளாளுக்குத் தன் திறமையைக் காட்டத் துடிப்பார்கள், பாஸ் சங்கிலி அறுந்துபோகும். அங்கே பாயின்ட் கார்டு தனித்துத் தெரிய வாய்ப்பு அதிகம், வாய் திறந்து பேசினால். ஆட்டம் தொடங்கும் முன் மற்ற நாலு பேரிடமும் பெயரும், எந்தப் பக்கத்திலிருந்து எறிய வசதி என்பதும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே போனதும் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். ஸ்கோர் போர்டைப் பார்க்கிற பழக்கமும் வேண்டும். எதிரணியில் யாருக்கு நாலு ஃபவுல் ஆகியிருக்கிறது என்று தெரிந்தால், பந்தை அவள் காக்கும் ஆளிடம் கொண்டுபோகலாம். ஐந்தாவது ஃபவுலில் அவள் வெளியே. இந்தக் குவார்ட்டரில் எதிரணிக்கு நாலு டீம் ஃபவுல் முடிந்துவிட்டதென்றால், அடுத்து அவர்கள் கை வைத்தாலே இரண்டு ஃப்ரீ த்ரோ. அப்போது தூரத்திலிருந்து எறிவதைவிட உள்ளே புகுவது லாபம். இதையெல்லாம் கவனிக்கிற பெண்ணைத் தேர்வாளர் கவனிக்காமல் போக மாட்டார்.

உயரம்: மக்சி போக்ஸ் உங்கள் மகளின் அதே 5 அடி 3 அங்குலம். என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார், அதுவும் ஆண்கள் லீகில். அவர் அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து இடங்களில் உயரம் குறைந்தவருக்கு வாசல் திறந்திருப்பது இந்த ஒன்றில்தான். பாயின்ட் போடும் இடத்திலேயே அவளை வைத்திருந்தால், இன்னும் இரண்டு வருடத்தில் ஐந்தரை, ஐந்தே முக்கால் அடிப் பெண்கள் தலைக்கு மேல் கை நீட்டும்போது என்ன செய்திருப்பாள்? உங்கள் கோச் அதை யோசித்துத்தான் மாற்றியிருப்பார் என்று தோன்றுகிறது.

இடது கை யோசனை சொன்ன நண்பரிடம் வேறு விஷயம் பேசுங்கள். தினமும் பத்து நிமிடம் இடது கையால் மட்டும் டிரிபிள், பந்தைப் பார்க்காமல், தலை நிமிர்ந்து. எதிரே நீங்கள் நின்றுகொண்டு விரல்களைக் காட்டுங்கள், எத்தனை என்று அவள் ஆடிக்கொண்டே சொல்லட்டும். பழகியதும், இடது கையால் லே-அப். சாப்பாடு வலது கையிலேயே இருக்கட்டும்.