மூன்று இரவும் கடையில் படுத்தவருக்கு

கேள்வி: எனக்கு 61 வயது. பர்மாவில், ரங்கூனுக்கு அருகே இருக்கும் சிரியம் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது வருடம் உளுந்தும் பச்சைப்பயறும் வாங்கி விற்றேன். இப்போது கடை சின்ன மகன் கையில். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஓய மாட்டேன் என்கிறது. விலைவாசி, கரண்ட் இல்லாத இரவு, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்பு. வீட்டில் லட்சுமி என்று ஒரு பசு இருக்கிறது. அதைப் பார்க்கும்போது மட்டும் மனசு அடங்குகிறது. வயிறு நிறைந்தால் படுத்து அசை போடுகிறது. அதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. போன வருடம் அதன் கன்றை விற்றோம். மூன்று இரவு கத்தியது, சத்தம் தாங்காமல் நான் கடையிலேயே படுத்துக்கொண்டேன். நான்காம் நாள் வந்து பார்த்தால் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புல் தின்றுகொண்டிருந்தது. என் மனைவியோ, மூத்த மகன் மலேசியாவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியும் சாப்பாட்டு நேரத்தில் அவன் தட்டையும் எடுத்து வைக்கிறாள். அவன் போன் வந்தால் அழுகை. அவனுடைய மனைவியும் நான்கு வயது மகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள். வீட்டில் உட்காரவே முடியவில்லை. மாட்டுக்கு இருக்கிற புத்தி மனிதருக்கு ஏன் இல்லை? அந்த நிம்மதியைக் கற்றுக்கொள்ள வழி உண்டா? பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்:

தம்பி, நான் உங்களைவிட மூத்தவள், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். மாட்டைப் பார்த்தேன், நாயைப் பார்த்தேன், கூரையில் உட்காரும் காக்கையைப் பார்த்தேன், அவற்றுக்குக் கவலையே இல்லையே என்று இந்தப் பக்கத்துக்குக் கடிதம் வராத மாதம் இல்லை. எழுதுகிறவர் அநேகமாக ஆண். அறுபதைத் தொட்டவர். கடையையோ உத்தியோகத்தையோ இப்போதுதான் விட்டவர். வேலை இருந்தவரை மாடு அவர் கண்ணில் பட்டிருக்காது. சரி, அது போகட்டும். ஆறுதல் சொல்லும் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பற்றித்தான் நான் கேட்கப்போகிறேன்.

"சத்தம் தாங்காமல் நான் கடையிலேயே படுத்துக்கொண்டேன்."

ஒரு இரவு என்றால் விட்டிருப்பேன். மூன்று இரவு! கன்றை "விற்றோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது வருடம் வியாபாரம் செய்த கை. பேரம் பேசியதும் பணத்தை எண்ணி வாங்கியதும் நீங்களாகத்தான் இருக்கும். விற்கும்போது அங்கே இருந்தவர், மாடு கத்தத் தொடங்கியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். உங்கள் மனைவிக்குப் போய்ப் படுக்க ஒரு கடை இருந்ததா? மருமகளுக்கு இருந்ததா? அந்தக் குழந்தை மூன்று இரவும் "மாடு ஏன் கத்துது" என்று கேட்டிருக்குமே, யார் பதில் சொன்னார்கள்? நள்ளிரவில் எழுந்து தொழுவத்துக்குப் போய் லட்சுமியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தது யார்? இது ஒன்றுமே உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அங்கே இல்லை.

நான்காம் நாள் காலையில் வந்து, மாடு புல் தின்பதைப் பார்த்து, மறந்துவிட்டது என்று தீர்மானித்துவிட்டீர்கள். மறந்ததென்று யார் சொன்னது? பசு கன்று ஈன்றதும் நக்கி நக்கி அதன் வாசத்தைப் பிடித்துக்கொள்கிறது; சில மணி நேரத்திலேயே தன் கன்று எது என்று அதற்குத் தெரிந்துவிடும். கன்று கூடவே இருக்கும் நாள் கூடக் கூட, பிரிக்கும்போது கத்தலும் கூடும். மாடு வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஏங்குகிற மாட்டுக்கு மடியில் பால் இருந்தாலும் இறங்காது. அந்த வாரம் எத்தனை வீசை குறைந்தது என்று உங்கள் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். கணக்கு அவரிடம் இருக்கும். நாற்பது வருடம் பயறுக் கணக்குப் பார்த்த உங்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது. மனுநீதிச் சோழன் வாசலில் ஆராய்ச்சி மணியை இழுத்து அடித்தது எந்த விலங்கு தம்பி? கன்றைத் தேர்க்காலில் பறிகொடுத்த பசு. நம் பாட்டிமார் அந்தக் கதையைச் சொல்லித்தான் நம்மைத் தூங்கவைத்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர், மாடு எதையும் மனசில் வைத்துக்கொள்ளாது என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

லட்சுமி என்ன செய்தது என்று நான் சொல்கிறேன். பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கவில்லை. ஊரே கேட்கும்படி கத்தியது. கத்த வேண்டியதை முழுக்கக் கத்தி முடித்தது. கன்று நின்ற இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போய்ப் படுக்கவில்லை. அதற்குப் பிறகு பசித்தது, தின்றது. விலங்குகளிடம் கற்க ஏதாவது உண்டு என்றால் இதைத்தான் நான் சொல்வேன். நீங்கள் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. கத்தாமலே நான்காம் நாளுக்கு வந்து சேரப் பார்க்கிறீர்கள். மகன் போன அன்று நீங்கள் அழுதீர்களா? ஏர்போர்ட்டுக்காவது போனீர்களா, இல்லை அன்றைக்கும் கடையில் சரக்கு இறக்க வேண்டியிருந்ததா? பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்பது இந்த நாட்டில் எல்லா வீட்டுக்கும் தெரியும், அதை இங்கே விரிக்க வேண்டாம். போனதில் தப்பு இல்லை. போனவனைப் பற்றி வீட்டில் பேசவே கூடாது என்று நினைப்பதுதான் தப்பு.

நீங்கள் ரசிக்கிற அந்த அசை போடுதலுக்கு வருவோம். நல்ல ஆரோக்கியமான மாடு ஒரு நாளில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் அசை போடும். சீக்கு வந்தால், பயந்தால், சரியான தீனி இல்லாவிட்டால் முதலில் நிற்பது அதுதான். மாட்டு டாக்டர் வந்ததும் "அசை போடுதா" என்று கேட்பது அதனால்தான். அப்படியானால் லட்சுமி சாவகாசமாகப் படுத்து அசை போடுகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? யாரோ நேரத்துக்குப் புல் அறுத்துப் போட்டிருக்கிறார்கள். மே மாதம் பிடித்த மழை அக்டோபர் வரைக்கும் கொட்டுகிற ஊரில், தொழுவத்தில் தண்ணீர் தேங்கிக் குளம்பு அழுகாமல் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் கொசுவுக்கு மூட்டம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்க்கிற நிம்மதியை உங்கள் மனைவி தினமும் அதிகாலையில் எழுந்து உண்டாக்குகிறார். அவரைப் பார்த்து "மாட்டுக்கு இருக்கிற புத்தி இல்லை" என்கிறீர்கள்.

பர்மியர்களைப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் மாட்டிறைச்சியே தொடாத வீடுகள் எத்தனை! கேட்டால், நமக்காக உழுத ஜீவன், அதன் சதையை எப்படித் தின்பது என்பார்கள். மாட்டைப் பார்த்ததும் அவர்களுக்குத் தாங்கள் பட்ட கடன் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு மட்டும் எப்படிக் கடனில்லாத வாழ்க்கை நினைவுக்கு வருகிறதோ தெரியவில்லை.

காட்டு விலங்காவது சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மான் மேய்வது அழகு. கொஞ்சம் கிட்டே நின்று பார்த்தால், இரண்டு வாய் தின்பதற்குள் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்துவிடும். எறும்பின் சேமிப்பைப் பற்றி உளுந்து மூட்டை வைத்திருந்தவரிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

யானையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் நாட்டு விஷயம். காட்டில் தேக்கு இழுக்கும் யானைகளுக்கு இங்கே தலைமுறை தலைமுறையாகப் பதிவேடு உண்டு: எது எப்போது பிறந்தது, தாய் எது, எப்போது செத்தது என்று. அந்த ஏடுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 2016இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இருபது வயது ஆகாத இளம் தாய் ஈன்ற குட்டிக்கு, பாட்டி யானை கூடவே இருந்தால் சாகும் அபாயம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எட்டில் ஒரு பங்கு, தம்பி! வயதான யானை ஒன்று சும்மா பக்கத்தில் நிற்பதாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும். அது அங்கே இருப்பதால் ஒரு குட்டி பிழைக்கிறது.

ஆண் யானை வயதுக்கு வந்ததும் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய்விடுமே என்று நீங்கள் கேட்கலாம். போகும். போன பிறகு தன் தீனியைத் தானே ஒடித்துத் தின்னும். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வராது.

உங்கள் வீட்டில் ஒரு சின்னக் குழந்தை தகப்பன் இல்லாமல் வளர்கிறது. மருமகள் என்று ஒரு பெண், கணவன் பக்கத்தில் இல்லாமல் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் "உட்கார முடியவில்லை" என்பதற்குக் காரணமாக. குடும்பத்தில் ஒருவன் வெளியே போனால் அவன் இடத்தை வீட்டு மூத்தவர் நிரப்ப வேண்டும் என்று நான் நம்புகிறேன். பழைய காலத்துப் பேச்சு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கடையைச் சின்ன மகனிடம் கொடுத்தீர்கள், சரி. தாத்தா வேலையை யாரிடம் கொடுத்தீர்கள்? அதிலிருந்து ஓய்வு கிடையாது.

அப்புறம் அந்தத் தட்டு. அதை நோய் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். கன்று நின்ற இடத்தை மாடு மோந்து பார்க்கிற மாதிரிதான் அதுவும். தட்டை எடுத்து வைத்துவிட்டு உங்கள் மனைவி சமைக்காமல் இருக்கிறாரா? பால் கறக்காமல் இருக்கிறாரா? எல்லாவற்றையும் செய்துகொண்டுதான் மகனை நினைக்கிறார். நீங்கள் மெச்சுகிற லட்சுமியின் குணம் அந்த வீட்டில் யாருக்காவது இருக்கிறது என்றால் அவருக்குத்தான் இருக்கிறது. நாளைக்கு அவர் மறந்தால் நீங்களே அந்தத் தட்டை எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். மகன் போன் வந்தால் மனைவி அழுவது எழுதியிருக்கிறது. நீங்கள் அவனோடு பேசியதாக ஒரு எழுத்து இல்லை. இரண்டு வருடம்! அவன் கேட்கும்போது "அப்பா நல்லா இருக்கார், கடைக்குப் போயிருக்கார்" என்று எத்தனை தடவை உங்கள் மனைவி சொல்லியிருப்பாரோ. இனி நீங்கள் கூப்பிடுங்கள். மலேசியா நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் இரவு ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே எட்டரை, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பான். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பயறு விலையைப் பற்றிப் பேசுங்கள். மழையைப் பற்றிப் பேசுங்கள். கன்றை விற்றதைச் சொல்லுங்கள், அது அவனுக்குப் பிடித்த கன்றாகக்கூட இருந்திருக்கலாம். பேச்சு நடுவில் தொண்டை அடைத்தால் போனை மனைவி கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

விபாசனா முகாம் நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். ரங்கூனில் 1952இல் தியான மையம் தொடங்கிய ஊ பா கின், இந்த நாட்டின் தலைமைக் கணக்காயர். காலையில் அலுவலகம், மிச்ச நேரத்தில் தியானம் என்று இரண்டையும் சுமந்த குடும்பஸ்தர். அவரிடம் கற்று உலகமெங்கும் கொண்டுபோன கோயங்கா, 1924இல் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி. இரண்டு பேரும் வீட்டைத் தாங்க முடியாமல் வெளியே ஓடியவர்கள் இல்லை. முகாமில் என்ன செய்வார்கள்? அதிகாலை நான்கு மணிக்கு மணி அடித்து எழுப்புவார்கள். ஒன்பது நாள் யாரோடும் பேசக் கூடாது. பேசாமல் இருப்பதில் உங்களுக்கு மேற்கொண்டு பயிற்சி எதற்கு?

அதனால் முதலில் மனைவியை அனுப்புங்கள். கட்டணம் கிடையாது, விரும்பினால் முடிவில் தானம் கொடுக்கலாம். தியானம் வேண்டாம் என்றால் அவர் தன் அக்கா தங்கை வீட்டுக்குப் போகட்டும், கோயில் குளத்துக்குப் போகட்டும், அது அவர் இஷ்டம். அந்தப் பத்து நாளும் புல் அறுப்பது, சாணி வழிப்பது, கறப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. குழந்தையைத் தூங்கவைப்பதும்தான். மருமகள் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள், அவள் தலையில் தொழுவத்தையும் கட்டாதீர்கள். கறக்கத் தெரியாது என்றால் அவர் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள். புதுக் கை பட்டால் லட்சுமி முதலில் உதைக்கும்.