கைப்பிடியை விட்ட பிறகு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நான் மும்பையை அடுத்த கல்யாணில் வசிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். 1987-இல் ரயில்வேயில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்து, சரக்கு வண்டிகளில் சில காலம் ஓடி, கடைசி 26 ஆண்டுகள் மும்பைப் புறநகர் மின்சார வண்டிகளை ஓட்டும் மோட்டார்மேனாக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். கடைசி வண்டிக்குத் தோழர்கள் மாலை கட்டினார்கள், மேளம் வைத்தார்கள், மனைவியும் பேத்தியும் வந்திருந்தார்கள். மறுநாளும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. இன்றும் வருகிறது. தூக்கத்தில் என் கை எதையோ அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதாக மனைவி சொல்கிறாள். அனுபவங்களை எழுதுங்கள் என்கிறான் மகன். மும்பை சிஎஸ்எம்டி நிலையத்திலிருந்து கல்யாண், கல்யாணிலிருந்து சிஎஸ்எம்டி என்று போய்வந்தவனுக்கு எழுத என்ன இருக்கிறது? எழுத வேண்டும் என்று தோன்றும் சிலவற்றை எழுதவும் முடியவில்லை. பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்றும் நினைக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், கல்யாண்

*

அன்புள்ள ஐயா,

முலுண்டில் ஏறி பைகுல்லாவில் இறங்கும் வங்கி ஊழியையாக நான் 31 ஆண்டுகள் பயணம் செய்திருக்கிறேன். கணக்குப் பார்த்தால் எத்தனையோ காலைகளில் நீங்கள் ஓட்டிய வண்டியில்தான் நான் நின்றுகொண்டு வந்திருக்க வேண்டும். இறங்கியதும் கூட்டத்தோடு மேம்பாலப் படிகளை நோக்கி நடப்பேனே தவிர, வண்டியின் முன்முனைக்குப் போய் அதை ஓட்டி வந்தவரின் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆகவே இந்தப் பதிலை ஒரு பழைய கடனைத் தீர்ப்பவளாகவே எழுதுகிறேன்.

ஒரே ஒருமுறை ஒரு மோட்டார்மேனை அருகில் பார்த்தேன். குர்லாவைத் தாண்டி சயானை நோக்கி எங்கள் ஸ்லோ வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு ஃபாஸ்ட் வண்டி எங்களை மெதுவாக எட்டிப் பிடித்தது. அதன் முன்கூண்டு என் ஜன்னலுக்கு நேரே வந்து, ஒரு நிமிடம் போல எங்களோடு இணையாகவே ஓடியது. உள்ளே இருந்தவர் ஒரு கையால் தண்ணீர் பாட்டிலை உயர்த்திக் குடித்தார். தலையைச் சாய்த்தாரே ஒழிய, கண்கள் தண்டவாளத்தை விட்டு விலகவில்லை. மற்றொரு கை கைப்பிடியின் மேல் அழுந்தி இருந்தது. அந்தக் கையின் கீழ் நான்காக மடித்த ஒரு கைக்குட்டை இருந்தது. வியர்வையில் வழுக்காமல் இருப்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன். சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கைப்பிடியைப் பற்றி மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. ஓட்டுபவர் அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்; அவர் மயங்கி விழுந்தோ உயிர் பிரிந்தோ கை தளர்ந்தால் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும். டெட்மேன் ஹேண்டில் என்றே அதற்குப் பெயர். தன் மரணத்தை முன்கூட்டியே எண்ணிச் செய்த ஒரு கருவியை, பின்னால் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்காக ஒரு மனிதர் நாள்தோறும் அழுத்திப் பிடித்திருக்கிறார். பிறந்த மாதத்தின் கடைசி நாளோடு பணி முடிகிறது என்ற உத்தரவு உங்கள் கைக்கு வந்தது. கையின் தசைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. ஓய்வூதியத்துக்கு அடிப்படைச் சம்பளத்தோடு 55 சதவீதத்தை, வண்டி ஓட்டுபவர்களுக்கான ஓட்டப் படியாகச் சேர்ப்பது வரை எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. 26 ஆண்டுகள் விழித்திருந்த உடலைத் தூங்கப் பழக்குவதற்குத்தான் விதி ஏதும் இல்லை. அதற்குக் காலம் ஆகும்; அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள்.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நகரில் முதல் மின்சார வண்டி 1925 பிப்ரவரி 3 அன்று இன்று சிஎஸ்எம்டி எனப்படும் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியது. உங்கள் பாதை 2015-இல் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு வந்தது. 2016 ஏப்ரலில் துறைமுகப் பாதையும் மாறியதோடு மும்பை லோக்கல்களில் அந்தப் பழைய மின்சாரத்தின் காலம் முடிந்தது. இரண்டிலும் வண்டி ஓட்டிய கடைசித் தலைமுறையில் நீங்கள் ஒருவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆண்டும் வோல்ட்டும்தான். பழைய ரேக் (பெட்டித் தொடர்) கைப்பிடியின் முதல் படியான முதல் நாட்சில் எப்படி அசைந்தது, புதியது எப்படி இழுத்தது, மழை நாளில் பிரேக் எவ்வளவு தள்ளிப் பிடித்தது என்பதெல்லாம் உங்கள் கையிலும் காலிலும் மட்டுமே இருக்கிறது.

வண்டியின் கடைசிக் கூண்டில் வரும் கார்டின் மணியைப் பற்றி எழுதுங்கள். 2022-இல் அவர்களுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறியதாகப் படித்தேன். நீங்கள் கார்டு என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். பன்னிரண்டு பெட்டிகளுக்கு அப்பால், கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவர் மணியை இரண்டு முறை அடித்தால் நீங்கள் வண்டியை எடுக்கிறீர்கள். முகம் தெரியாமல் மணியை மட்டும் நம்பி வண்டி ஓட்டும் அந்த உறவுக்குத் தமிழில் இதுவரை யாரும் ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறார்களா? நான் படித்ததில்லை.

ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநரான சுரேகா யாதவ் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றபோது செய்தித்தாள்கள் எழுதின, மகிழ்ந்தேன். பெயர் வராத மற்றவர்களின் பணி அவர்களே எழுதினால்தான் பதிவாகும்.

இனி, எழுத முடியவில்லை என்று நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம். அது என்னவென்று ஊகிக்கிறேன். இந்நகரின் புறநகர்ப் பாதைகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள்; தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்களே அதில் மிகுதி. அப்படி அடிபட்டவர்களில் பலரைக் கடைசியாகக் கண்ணுக்கு நேரே பார்த்தவர் ஒரு மோட்டார்மேன். ஹார்ன் அடிக்கலாம், பிரேக் பிடிக்கலாம், ஆனால் அந்த வேகத்தில் நிறை வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. அடுத்த நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டு, அதே கையால் அதே கைப்பிடியை அழுத்தி, மீதி நிலையங்களையும் முடிக்க வேண்டும். ஒருநாள் மாலை காட்கோபருக்கும் விக்ரோலிக்கும் இடையில் எங்கள் வண்டி இருபது நிமிடம் நின்றது. முன்னால் சென்ற வண்டியில் யாரோ அடிபட்டதாகச் சொன்னார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மகளை டியூஷனுக்கு அழைத்துப் போக நேரமாகிவிட்டதே என்று உரக்கச் சலித்துக்கொண்டேன். இறந்தவரை நினைக்கவில்லை, அந்த முன்கூண்டில் இருந்தவரை அறவே நினைக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தச் சலிப்பொலி என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பகுதியை முதலில் எழுத முயலாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். முதலில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்: உங்கள் மனைவியிடம், அல்லது அதே கூண்டில் உட்கார்ந்து அதே காட்சியைக் கண்ட ஒரு தோழரிடம். அதன் பிறகும் மூன்று மணி விழிப்பு நெஞ்சை அழுத்தினால் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மருத்துவரைப் பார்ப்பதைப் போன்றதுதான் இதுவும். ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் உங்கள் பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் சோதித்திருப்பார்கள். அந்தக் கண் எதையெல்லாம் பார்த்தது என்று யாரேனும் கேட்டார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. நான் கேட்கிறேன். சொல்ல முடிகிற நாளில் சொல்லுங்கள்.

ஊருக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வுக்குப் பின் என் அப்பா ஊருக்குப் போய் எட்டாவது மாதம் திரும்பி வந்தார். அவரோடு பேசிப் பழகிய ஊர்க்காரர்கள் எல்லாரும் மாட்டுங்காவிலும் டோம்பிவிலியிலும் இருந்தார்கள். நீங்கள் இரண்டு மாதம் போய் இருந்து பாருங்கள். கல்யாண் வீட்டை அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

எழுதும்போது 26 ஆண்டுகளையும் எழுத நினைக்காதீர்கள். ஒரே ஓட்டத்தை எழுதுங்கள்: மூன்று மணிக்கு எழுந்தது, மனைவி கட்டித் தந்த டிபன், பணிக்கு வந்ததைப் பதியும் லாபியில் மதுவுக்கான மூச்சுச் சோதனை, கையெழுத்து, இருட்டில் ரேக் நிற்கும் இடம் வரை நடந்தது, முதல் மணி. நாட்ச், ரேக், காஷன், கார்ஷெட் என்று உங்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள். நல்ல தமிழ் தேடி நிறுத்த வேண்டாம். எழுதியதை எனக்கு அனுப்புங்கள்.

பார்சிக் சுரங்கத்தையும் அதில் விட்டுவிடாதீர்கள். ஸ்லோ வண்டி கல்வா, மும்ப்ரா என்று மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஃபாஸ்ட் வண்டி 2022 வரை, 1916-இல் திறந்த அந்தச் சுரங்கத்துக்குள் புகுந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் இருட்டில் ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்தவளாக அந்த இருட்டு எனக்குத் தெரியும். மறுமுனையில் காசளவு வெளிச்சம் தெரிந்து, அது பெரிதாகிப் பெரிதாகிக் கண்ணைக் கூசச் செய்யும் அந்தச் சில நொடிகளில் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்: சிக்னலையா, தண்டவாளத்தையா, அதன் ஓரத்தில் யாராவது நிற்கிறார்களா என்பதையா?

அன்புடன்.