பூட்டிய வீட்டின் போட்டோவில் விலாசமும் போகிறதா?

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கானாடுகாத்தானில் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது. தேக்கு அலமாரி, பித்தளைச் சாமான்களை விற்கலாமென்று போன மாதம் போய்ப் போட்டோ எடுத்து வந்தேன். காரைக்குடி வியாபாரி ஒருவர், "வேலைப்பாடு தெரியலை, வாட்ஸப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்" என்கிறார். அனுப்பினால் வீடு எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடுமா?

பதில்: தெரிந்துவிடலாம். அனுப்பும் முன்பே கேட்டீர்களே, நல்லது.

கேமராவுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், படத்தின் கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற பகுதியில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஏறிவிடும். படத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வளவில், அதாவது உள்முற்றத்தில், வானம் தெரியும் இடத்தில் நின்று எடுத்த படமென்றால், அந்த எண்களை கூகுள் மேப்பில் போட்டதும் சில மீட்டர் வித்தியாசத்தில் உங்கள் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிப் புதிதாக உருவாக்குகிறது. அதில் இந்த எண்கள் கழன்றுவிடும். டாக்குமென்ட் அப்படியில்லை, கோப்பு இருந்தபடியே போகும். மின்னஞ்சலில் இணைத்தாலும் அப்படித்தான். அதனால் போட்டோவாகவே, 'எச்டி' என்பதைத் தொட்டு அனுப்புங்கள். கைப்பிடி, செதுக்கு வேலையைக் கிட்டப் போய் எடுத்த படமென்றால் வியாபாரிக்கு அதுவே தாராளம். இன்னும் தயக்கமாக இருந்தால், படத்தைத் திரையில் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாம். அதில் வீட்டின் இடம் இருக்காது. ஐபோன் என்றால் ஷேர் செய்யும்போதே 'ஆப்ஷன்ஸ்' போய் லொகேஷனை அணைத்துவிடலாம். கேமரா செட்டிங்ஸிலும் லொகேஷனை அணைத்து வையுங்கள். ஆனால் அது இனி எடுக்கும் படங்களுக்கு மட்டும்தான், போன மாதப் படங்களைத் தொடாது.

சரி, எண்களை எடுத்தாயிற்று. எனக்கு இதைவிடக் கவலை, படத்துக்குள்ளேயே இருப்பதைப் பற்றி. உங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் குடும்பத்தின் தலைப்பெழுத்துக்கே விலாசம் என்றுதான் பெயர். அது அண்டாவின் விளிம்பில் வெட்டியிருக்கும், முகப்பிலும் இருக்கும். ஊர்க்காரருக்கு அந்த இரண்டு எழுத்து போதும், வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். பெயர் வெட்டிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து எடுங்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால் படத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டி விடுங்கள். பின்னால் நிலைக்கதவும் பூட்டும் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். வீடு பூட்டிக் கிடக்கிறது, எப்போது வருவீர்கள் என்பதையும் செய்தியில் எழுதாதீர்கள்.

ஏற்கெனவே ஏதாவது டாக்குமென்ட்டாகப் போயிருந்தால் உடனே 'அனைவருக்கும் நீக்கு' கொடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் அந்த வழி கிடையாது; அவர் தனியாகச் சேமித்து வைத்திருந்தாலும் பயனில்லை. அப்படியென்றால் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.